ஸ்கேல் பிடித்த கை

பிளேடுதான் சரியில்லை, வேறென்ன இருக்க முடியும் என்று ரெமிஜியுஸ் நினைத்தான். சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த பச்சை ரப்பர் விரிப்பின் மேல் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு கிடந்தது. தபால் அட்டையைவிட மெல்லியது, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பின்னாலிருக்கும் விரல் நிழலாகத் தெரியும். அதில் அவன் போட்டிருந்த பென்சில் கோடு நூல் பிடித்தாற்போல ஓடியது, வெட்டு மட்டும் பாதிவரை கோட்டோடு கூடவே வந்துவிட்டு, அப்புறம் யாரோ கூப்பிட்டு அந்தப் பக்கம் திரும்பியதுபோல விலகிப் போயிருந்தது. காலையிலிருந்து கெட்டுப்போன தகடு இது எத்தனாவது என்று எண்ண அவனுக்கு விருப்பமில்லை, கெட்டதையெல்லாம் மேசைக்கு அடியில் பழைய மாவுச் சட்டியில் போட்டிருந்தான், மனைவி அமலி பெருக்க வரும்போது பார்க்காமல் இருந்தால் சரி. பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, தூத்துக்குடியே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடல் காற்று இன்றைக்கு இல்லை, அது இல்லாவிட்டால் உப்பளத்துப் பக்கமிருந்து ஒரு வெக்கை வந்து வீட்டுக்குள் நிற்கும், நின்றது. மேசையின் அந்தக் கோடியில் அவன் கட்டிக்கொண்டிருக்கும் இழுவைப் படகு, கப்பல்களைத் துறைமுகத்துக்குள் கட்டி இழுத்து வரும் குட்டைப் படகு, முழங்கை நீளத்துக்கு உட்கார்ந்திருந்தது. அடிப்பாகம் முடிந்து சிவப்புப் பெயிண்ட்டும் அடித்தாயிற்று, மேல்தளத்துப் பலகைகளைக் காகிதத்தில் வெட்டி ஒட்டியாயிற்று. மாலுமி நின்று சுக்கான் பிடிக்கும் அறைதான் பாக்கி. அதன் முன்சுவரில் ஐந்து சன்னல்கள், சன்னலுக்கும் சன்னலுக்கும் நடுவில் தீக்குச்சியில் பாதி அகலத்துக்கு ஒரு சட்டம். அந்தச் சட்டத்தில்தான் எல்லாம் போகிறது. கப்பல் ஏஜென்சி ஆபீசில் நாள் முழுக்கச் சரக்குக் காகிதங்களோடு இருப்பவனுக்கு இந்த வேலை ஒன்றுதான் தன் கை தன்னோடது என்று நினைக்க வைப்பது, அந்தக் கையே, இல்லை, கை இல்லை, பிளேடு.

கத்தரிக்கோலை முதலிலேயே ஒதுக்கிவிட்டிருந்தான். காகிதத்தில் வளைவு வெட்ட அது போதும், பிளாஸ்டிக்கை அது வெட்டும்போதே சுருட்டிவிடும், சுருண்ட சட்டம் பிறகு என்ன செய்தாலும் படுக்காது. பூட்டிப் பூட்டித் தள்ளும் கட்டர் இருக்கிறதே, நுனி மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் தள்ளிக்கொள்ளலாம், அது காகிதத்துக்கு நல்லது, ஆனால் கூட்டுக்குள் பிளேடு ஆடும், மயிரிழைதான் ஆடும், ஐந்து சன்னலுக்கு அந்த மயிரிழை போதும். சவர பிளேடைக் குறுக்கே உடைத்துப் பாதியைக் குச்சியில் கட்டியும் பார்த்தான், கூர்மையில் அதற்கு ஈடில்லை, ஆனால் வளைந்துவிடுகிறது, வளைந்த இடத்தில் அது தன் வழியில் போகிறது. கொக்கி மாதிரி மூக்கு வைத்த சுரண்டுகத்தி கனமான தகட்டுக்கு, இந்த மெல்லிசில் அது பள்ளம் தோண்டவில்லை, கிழிக்கிறது. கடைசியாக அமலி வேலை பார்க்கும் மெடிக்கல் கடையிலிருந்து ஆபரேஷன் பிளேடு வாங்கி வரச் சொன்னான், முக்கோணமாக முனை கூர்ந்தது. அவள் கொண்டுவந்து மேசையில் வைக்கும்போது அவனைப் பார்க்காமல் அவன் கையைப் பார்த்தபடி, "பாத்து வேல செய்ங்க" என்றாள். அதைத்தான் இப்போது போட்டிருந்தான். மெல்லிய தகட்டை ஒரே இழுப்பில் வெட்டக்கூடாது என்பது அவனுக்குத் தெரியாததா, முதல் இழுப்பு வெறும் தடம், அடுத்தது தடத்தைத் தொட்டு, அதற்கடுத்ததில் தகடு ஒரு மாதிரி விட்டுக்கொடுக்கும், அந்த விட்டுக்கொடுப்பு கைக்குத் தெரியும், சத்தமும் மாறும். சத்தம் இன்றைக்கும் மாறியது. வலது கைக்கும் தெரிந்தது. அப்படியானால் பிளேடு நன்றாகத்தானே இருக்கிறது. இந்த இடத்துக்கு வந்ததும் அவன் நினைப்பு ஒரு கணம் நின்றது, இருட்டில் படி இறங்குகிறவன் இன்னொரு படி இருக்கிறதா என்று கால் நீட்டிப் பார்ப்பதுபோல நின்று, பின்வாங்கிக்கொண்டது. புது பிளேடாக இருந்தாலும் சிலது பட்டறையிலேயே கோளாறாக வரும். எல்லாமே இப்போது அப்படித்தான் வருகிறது. போன மாதம் வண்டியின் கிளட்ச் கேபிளும் அப்படித்தான், பிடித்தால் கைக்குள் நிற்காமல் நழுவியது, மெக்கானிக் சுடலையிடம் கொண்டுபோய் மாற்றச் சொன்னான். அவன் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கேபிள் நல்லாத்தான இருக்கு, வெண்ணெ மாதிரில ஓடுது?" என்றான். "மாத்துன்னா மாத்து" என்று இவன் கத்திவிட்டான், சுடலையிடம் அவன் அதுவரை கத்தியதில்லை. மாற்றியபிறகும் நழுவியது. இடது கையில்தான் கிளட்ச். காலையில் கோயிலில் செபமாலையும் இடது கையில். மணி விரலுக்குள் வந்ததா போனதா என்று தெரியாமல் இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்து ஆள் கவனிக்கிறாரோ என்று வலது கைக்கு மாற்றிக்கொண்டான். இதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது இல்லை. கிளட்ச் வேறு, செபமாலை வேறு, பிளேடு வேறு. யார் சொன்னது இவை சேர்ந்தவை என்று.

"டீ குடிக்கியளா?" அமலியின் குரல் அடுக்களையிலிருந்து வந்தது. அவன் பதில் சொல்லுமுன்பே டம்ளரோடு வந்துவிட்டாள், கேள்வி சும்மா முன்னால் வந்ததுதான். தகட்டின் மேல் சிந்திவிடக் கூடாதே என்று அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி டம்ளரை இடது கையில் வாங்கினான், விளிம்பைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் பிடிக்க, அடிப்பாகத்தைச் சுண்டுவிரல் தாங்க, எவர்சில்வர் டம்ளரை எல்லோரும் பிடிக்கிற மாதிரிதான். வாங்கியவன் உடனே குடிக்காமல் சுவரில் எந்த அளவுக்குச் சன்னல் வரவேண்டும் என்று படகையே பார்த்துக்கொண்டிருந்தான். அமலி போகவில்லை.

"சூடா இல்லியா?" என்றாள்.

"இல்லியே."

"இப்பத்தான் இறக்குனேன்."

அவன் ஒரு மடக்கு குடித்தான். நாக்கு வெந்து கண்ணில் தண்ணீர் முட்டியது. "சூடுதான்" என்றான், சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை, டம்ளரின் அடியையே பார்த்தாள், அப்புறம் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவள்போல விறுவிறுவென்று உள்ளே போனாள். அவன் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு விரலைத் திருப்பிப் பார்த்தான். சுண்டுவிரலில் டம்ளரின் அடிவிளிம்பு அரைவட்டமாகச் சிவந்து பதிந்திருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் லேசான சூடுதான் தெரிந்தது, அவை பிடித்திருந்ததோ மேல் விளிம்பை, அங்கே டீ இல்லை. டீ இருந்த இடத்தில் இருந்த விரல் ஒன்றுமே சொல்லவில்லை.

விரல் மரத்துப்போவது யாருக்கும் வரும். ஆபீசில் மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி ஊன்றி எழுதினால் நரம்பு அமுங்கும் என்று எங்கோ படித்திருந்தான், அதுதான், அதற்கு ஒரு தைலம் போதும். சர்க்கரை இருந்தால்கூட வரும், சர்க்கரை இருந்தால் நல்லது, அவனுக்குத் தெரிந்த எல்லோருக்கும் சர்க்கரை இருக்கிறது, சர்க்கரை என்று வெளியே சொல்லலாம். வெளியே சொல்லக்கூடிய வியாதி. பிளேடை எடுத்தான், வைத்தான். அவன் நினைக்கக் கூடாது என்று இருந்தது டீயின் ஆவியோடு எழும்பி வந்துவிட்டது, சவரி மாமா அடுப்பிலிருந்து சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் இறக்கிக்கொண்டு வந்த காலை. அம்மாவின் தம்பி சவரி மாமா, வலை இழுத்து இழுத்துக் கயிறாக முறுக்கிக் கிடந்த தோள், அவர் பானையை இறக்கிச் சோறு வடித்துவிட்டு, நடுவீட்டில் சிறுவனாக உட்கார்ந்திருந்த இவனுக்கு இலை போட்டார். உள்ளங்கைத் தோல் வழன்று வெள்ளையாகத் தொங்கியதை முதலில் பார்த்தவள் அம்மா. பார்த்தவள் கத்தவில்லை, எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள், கையைப் பார்ப்பதற்கு முன் கதவைத்தான் சாத்தினாள். அந்த ஒன்றுதான் ரெமிஜியுஸுக்கு இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மாறாமல் ஞாபகம் இருப்பது. அதற்கப்புறம் மாமா பின்கட்டில் இருந்தார், மாமாவின் தட்டு பின்கட்டில் இருந்தது, அப்புறம் ஒருநாள் மாமா இல்லை. கப்பலுக்குப் போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். பெரிய கப்பல், திரும்பிவர நாளாகும். அவன் நம்பினான், பள்ளிக்கூடம் விட்டு நேரே கடற்கரைக்குப் போய் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற ஒவ்வொரு கப்பலையும் இதுதானா இதுதானா என்று பார்த்தான், புகைபோக்கியை, கொடிமரத்தை, சன்னல்களை. பார்த்ததை வீட்டுக்கு வந்து தீப்பெட்டி அட்டையில் வெட்டினான். அப்படித்தான் இந்தப் பழக்கமே. அப்புறம் குழாயடிச் சண்டையில் பக்கத்து வீட்டு மிக்கேலம்மா சுவருக்கு மேலே எட்டிக் கத்தினாள், "உன் தம்பி எந்தக் கப்பல்ல போனாம்னு ஊருக்கே தெரியும்டி, கன்னியாஸ்திரிமாரு வேன்ல ஏத்திக்கிட்டுப் போனத நான் பாத்தேன்." அம்மா குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவன் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கப்பலுக்குப் போன மாமாவைப் பற்றி அவளும் அதற்குப் பிறகு பேசவில்லை. பின்கட்டு மணலில் மாமாவின் தட்டும் டம்ளரும் புதைந்திருந்தன, நாய் தோண்டி வெளியே இழுத்துப் போட்ட மழைக்காலம் வரை அவை அங்கேதான் இருந்தன.

சட்டையை முழுக்கைச் சட்டையாகவே போட்டுக்கொண்டு வீட்டுக்குள் எத்தனை நாளாக இருக்கிறோம் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்த வெக்கையிலும். இடது முழங்கைக்குக் கீழே உள்பக்கம் அந்தத் தேமல், தேமல்தான், ஒரு வெற்றிலை அளவு, சுற்றியிருக்கும் தோலைவிடக் கொஞ்சம் வெளிறி, கொஞ்சம் காய்ந்து. கடல் ஊர்க்காரனுக்குத் தேமல் வராதா. மற்ற இடமெல்லாம் வேர்த்துக் கொட்டும்போது அந்த இடம் மட்டும் வேர்க்காமல் இருப்பதைக் குளிக்கப் போகையில் பார்த்துவிட்டுப் பார்க்காதவன்போல வாளித் தண்ணீரை மேலே ஊற்றியிருக்கிறான். அதை நினைத்ததும் மகள் ஷெர்லி முன்னால் வந்தாள், பாளையங்கோட்டையில் விடுதியில் இருந்து படிக்கிறவள், வரும்போதெல்லாம் அப்பாவின் தட்டிலிருந்து மீன்துண்டை எடுத்துத் தின்கிறவள். நாளைக்கு அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசப்போகும்போது எவளாவது ஒரு மிக்கேலம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பாள். அமலி ராத்திரி அவன் பக்கத்தில் படுக்கிறவள், அதுவும் இந்த இடது பக்கத்தில், இந்தக் கையில் தலை வைத்து. அவளுக்குத் தெரிந்தால் முதலில் எழுந்துபோய் எந்தக் கதவைச் சாத்துவாள். மாத்திரை இருக்கிறது, இந்தக் காலத்தில் அதற்கு மாத்திரை இருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில்கூட எழுதிப் போட்டிருக்கிறார்கள், படித்திருக்கிறான். ஆனால் அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் அவன் வண்டியை வேகமாக ஓட்டியிருக்கிறான், நழுவுகிற கிளட்சோடு. வார்த்தையை மனசுக்குள்கூட முழுதாகச் சொல்லவில்லை. சொல்லாதவரைக்கும் அது தேமல், சொல்லாதவரைக்கும் பிளேடுதான் சரியில்லை. சரி, புது பிளேடு போடுவோம்.

உறையைப் பிரித்துப் புது முனையைப் பிடியில் மாட்டினான். புதுத் தகட்டை எடுத்தான், கடைசித் தகடு, சன்னல்களுக்குக் கோடு போட்டான், ஸ்டீல் ஸ்கேலைக் கோட்டின் மேல் வைத்தான், இடது கையை விரித்து ஸ்கேலை அழுத்தினான், வலது கையால் முதல் இழுப்பு. தடம் விழுந்தது. சத்தம் சுத்தமாக இருந்தது. இரண்டாவது இழுப்பில் ஸ்கேலின் அந்தக் கோடி மெல்லத் தள்ளிப் போவதை அவன் கண் பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தள்ளிப் போயிற்று, சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் அழுத்திக்கொண்டிருக்கிற கோடி, அழுத்திக்கொண்டிருப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருந்த கோடி. அந்த விரல்கள் ஸ்கேலின் மேல் சும்மா இருந்தன, வேறு யாரோ தம்முடைய விரலை மறந்து வைத்துவிட்டுப் போனமாதிரி. காலையிலிருந்து வலது கைக்குக் கத்தியை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான், பட்டறையைத் திட்டினான், கூட்டுக்குள் ஆடுகிறது என்றான், வளைகிறது என்றான். விலகியதெல்லாம் இந்தப் பக்கத்தில். வலது கை தன் பழக்கத்தில் மூன்றாவது இழுப்பையும் இழுத்துவிட்டது, நிறுத்தச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை, சத்தம் நடுவில் ஒருமாதிரி மென்மையாகி மறுபடியும் கரகரத்தது. தகட்டில் சிவப்பு. படகின் பெயிண்ட் எப்படி இங்கே வந்தது என்று நினைத்தான், பெயிண்ட் காய்ந்து வாரம் ஆயிற்றே என்று நினைத்தான். சிவப்பு வெட்டுத் தடத்தில் இறங்கி நேராக ஓடி, முதல் சன்னலின் மூலையைத் தாண்டி, சட்டத்தின் ஓரமாக அடுத்த சன்னலுக்குப் போயிற்று. அதன் பின்னாலேயே பார்வையைக் கொண்டுபோனவன் கடைசியில் ஸ்கேலின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தன் சுண்டுவிரலுக்கு வந்து சேர்ந்தான். நுனிச் சதை வாயைத் திறந்திருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வலிக்கும், இதோ வலிக்கும், ஆழமான வெட்டு கொஞ்சம் தாமதமாகத்தான் வலிக்கும் என்று காத்திருந்தான்.

"ஐயோ, ரத்தம்!" அமலி வாசற்படியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. "என்ன பாத்துக்கிட்டு இருக்கிய? வலிக்கலியா?"

"ஆ" என்றான் ரெமிஜியுஸ். "வலிக்குது. வலிக்குது, வலிக்காமயா?" சட்டென்று விரலை வலது கையால் பொத்திக்கொண்டு குனிந்தான், முகத்தைச் சுளித்தான், எந்த அளவுக்குச் சுளிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் கூடவே சுளித்தான்.

அவள் உள்ளே போய்ப் பஞ்சும் டிஞ்சர் பாட்டிலும் எடுத்துவந்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பொத்தியிருந்த கையைப் பிரித்து விரலைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். மருந்துக்கடையில் இருக்கிறவளின் கை, பதறாது. "கண்ண மூடிக்கிடுங்க," என்றாள். "நல்லா எரியும்."

மூடினான். மூடியதும் அந்த விரல் இருக்கிற இடமே இல்லாமல் போயிற்று, மடி எங்கே, அவள் கை எங்கே, ஒன்றும் தெரியவில்லை. பாட்டில் மூடி திருகும் சத்தம் கேட்டது. டிஞ்சரின் காட்டமான வாசனை மூக்கில் ஏறியது. தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. இப்போது பஞ்சை நனைக்கிறாள். இப்போது குனிகிறாள். இப்போது வைத்திருப்பாள், வைத்துவிட்டாள், தாமதித்தால் தெரிந்துவிடும்.

"ஸ்ஸ்ஸ், ஆ, மெதுவா," என்றான்.

அவன் கண்ணைத் திறந்தான். நனைந்த பஞ்சை அவள் காற்றில் பிடித்திருந்தாள், விரலுக்கு ஒரு சாண் தள்ளி. அதிலிருந்து ஒரு பழுப்புத் துளி தரையில் விழுந்தது.

"நான் இன்னும் வைக்கலியே," என்றாள் அமலி.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தகட்டில் ரத்தம் காய்ந்து கறுக்கத் தொடங்கியிருந்தது. அவன் ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தான், கிளட்ச், ஆபீஸ் மேசை, சர்க்கரை, எல்லாம் நாக்குவரை வந்து நின்றன.

"பெரிய வியாழனன்னைக்கே தெரியும்," அவள்தான் பேசினாள், குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "நீங்க தூங்கையில சட்டைக் கையச் சுருட்டிப் பாத்தேன். அந்தத் தேமல்ல ஊசிய வச்சேன். முதல்ல லேசா. அப்புறம் அழுத்தியே வச்சேன். ரத்தம் வந்துது, தொடைச்சேன். நீங்க முழிக்கவே இல்ல."

தன் கையில் அவள் குனிந்து ஊசி வைத்த ராத்திரியை அவன் நினைத்துப் பார்த்தான். அதற்கப்புறம் வந்த ராத்திரிகளையும். "தெரிஞ்சுமா பக்கத்துல படுத்த?"

"வேற எங்க படுக்க?"

"சொல்லியிருக்கலாமே, அமலி."

"நீங்க சொல்லுவியன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். பிளேடு கேட்டிய. வாங்கிட்டு வந்து குடுத்துட்டு, ஒவ்வொரு நாளும் இந்த மேசையப் பாத்துக்கிட்டே இருந்தேன்." பஞ்சை வெட்டின் மேல் வைத்து அழுத்தினாள். பழுப்பும் சிவப்பும் கலந்து விரல் வழியாக இறங்கின, வேறு யாருக்கோ மருந்து போடுவதைப் பார்ப்பதுபோல அவன் பார்த்தான். "நாளைக்கு லீவு போடுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். மாத்திரை சும்மாவே குடுக்காவ. முழுசா குணமாயிரும், யாருக்கும் ஒட்டாது. ஷெர்லிக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

அவன் தலையாட்டினான். அவள் கட்டுப் போட்டு முடிக்கும்வரை சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான். "போன உணர்ச்சி திரும்பி வருமா?"

மாத்திரைப் பெயர்களெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற அமலி, கட்டுப் போட்ட விரலையும் அதற்கடுத்த விரலையும் சேர்த்துத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். அவளுடைய நகக்கணுக்கள் வெளுப்பதை அவன் பார்த்தான். அதை வைத்துத்தான் அவள் இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டான்.